சால்வையோடு உட்கார்ந்திருந்த சார்

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போவேன். மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஃபேக்டரியில் என்னோடு தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள், நான் சாமி கும்பிடப் போகிறேன் என்றே நினைத்திருந்தார்கள். திங்கட்கிழமை லட்டு கேட்பார்கள். கூட்டம், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். இவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்த பக்தையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் போனது மலைக்கு அல்ல. கீழே ஊருக்குள், ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் இரண்டாவது மாடிக்கு. முன்னாள் விளையாட்டுக்காரர்களுக்காக ஓர் அறக்கட்டளை அங்கே ஒரு திட்டம் நடத்தியது. மெடல் வாங்கி, வேலை வாங்கி, ஓய்வு பெற்றவர்கள் அங்கே வருவதில்லை. பயிற்சியிலும் ஹாஸ்டலிலும் உடம்போ மனசோ இரண்டுமோ கெட்டுப்போய் வெளியே வந்தவர்களுக்கான இடம் அது. முழங்கால் போனவர்கள், இடுப்பு போனவர்கள், தூக்கம் போனவர்கள். அவர்களுக்கான கூட்டத்தை இரண்டாவது மாடியில் வைத்த மகானுபாவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

கீழே உடம்புக்குச் சிகிச்சை, மேலே பேச்சு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வோம். நடத்துகிறவர் குண்டூர்ப் பக்கத்துப் பெண்மணி. அவரும் ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவர். எல்லாரும் மேடம் என்று கூப்பிடுவோம். ரிலே ஓட்டத்தில் கைமாற்றுகிற கட்டை ஒன்றை அவர் வைத்திருப்பார். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பேச விருப்பமில்லை என்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். முதல் சில மாதங்கள் நான் அதைச் சூடான பாத்திரம் மாதிரி வாங்கிய கையோடு தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதுவே எனக்குப் புதுசாக இருந்தது.

என் பக்கத்து நாற்காலி எப்போதும் குடுபல்லியிலிருந்து வருகிற ஒருத்திக்கு. பளு தூக்கியவள். அந்த வட்டத்தில் தமிழில் பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே துணை. வைட்டமின் என்று சொல்லி அவளுடைய கோச் கொடுத்த மாத்திரைகளை வருடக்கணக்காக விழுங்கியவள். குரல் தடித்துவிட்டது. முகத்தில் முடி வந்துவிட்டது. "போன்ல பேசினா சார், சார்ன்றாங்க. நானும் இன்னா சார்னு கேட்டுடறது," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அழுதால் அவளுக்குப் பிடிக்காது.

திட்டத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. கெடுதல் செய்தவரும் கெடுதல் பட்டவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் நடக்கும். இது கோர்ட்டுக்குப் பதில் அல்ல, கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் அதற்கும் வக்கீல் பார்த்துத் தருகிறோம் என்று மேடம் தெளிவாகச் சொல்லிவிடுவார். அதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார். என்ன நடந்தது, அதனால் உனக்கு என்ன ஆயிற்று, இப்போது உனக்கு என்ன வேண்டும். குடுபல்லிக்காரியின் கோச், மேடம் அனுப்பிய செய்திக்குப் பதிலாக ரோஜாப்பூப் படம் போட்ட குட்மார்னிங்குகளை அனுப்பினார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

என் கதை சின்னது. நகரிப் பக்கத்தில் தமிழ் பேசும் கிராமம். கரும்பும் கொஞ்சம் மாமரமும். பள்ளிக்கூடத்தில் ஓடுவதைப் பார்த்து, திருப்பதியில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடினேன். எங்களுக்கு இருந்த கோச்சை சார் என்போம். கண்டிப்பானவர், நல்ல கோச் என்று பெயர். நன்றாக ஓடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று நைனாவிடம், என் அப்பாவிடம், சொல்லியிருந்தார். நைனாவுக்கு மெடல் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு அந்த வேலைதான் மெடல்.

இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். சாரிடம் சொன்னேன். ஐஸ் வை என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி ஐஸ். அழுதுகொண்டே சொன்னபிறகு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு, ஃபிலிமைக் கவரில் போட்டுக்கொண்டு வந்து, "ஏமி லேதம்மா, சதைதான்," என்றார். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு அழுதிருக்கிறோமே என்று.

செலக்‌ஷன் போட்டி அன்று வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஓட விட்டார்கள். கடைசிச் சுற்றில் எலும்பு உடைந்தது. பக்கத்தில் ஓடியவள் அந்தச் சத்தம் தனக்குக் கேட்டது என்று பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு ஆனது இல்லையே, பழைய விரிசல் ஆயிற்றே என்றார். கம்பி வைத்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஓட்டம் போயிற்று, ரயில்வேயும் போயிற்று.

இவ்வளவும் எனக்குச் செரித்துவிட்டது. செரிக்காதது வேறு. இந்தப் பெண் வலியை மறைத்து ஓடிவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா என்று சார் எல்லாரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நைனாவிடம், "நான் சொன்னேன் நைனா. எத்தினியோ வாட்டி சொன்னேன்," என்றேன். "சாரு பொய் சொல்வாரா?" என்று கேட்டுவிட்டு அவர் டீ வாங்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எப்போது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். ஆனால் வெளியில் பேசாமல் இருக்க மாட்டார். கல்யாண வீட்டிலும் கரும்பு வெட்டுகிற இடத்திலும் யாராவது என் நடையைப் பார்த்து விசாரித்தால், "இதுக்குப் பிடிவாதம். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. கவர்மெண்ட் வேல கைக்கு வந்துக்கினு இருந்துச்சி," என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். இருபது வருஷமாக என்னைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இந்த ஒரு செய்திதான்.

அதனால், உனக்கு என்ன வேண்டும் என்று மேடம் கேட்டபோது யோசிக்க எதுவும் இருக்கவில்லை. என் நைனாவுக்கு முன்னால் சார் உட்கார்ந்து, நான் சொன்னேன் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். மன்னிப்பு கேட்க வேண்டாமா என்றார் மேடம். அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்றேன். குடுபல்லிக்காரி என் தொடையில் இடித்தாள். "இன்னும் கொஞ்சம் பெருசா கேளேன். எனக்குல்லாம் கேக்கறதுக்கு ஆளே வரல," என்றாள்.

சார் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்தான். ஓய்வு பெற்றுத் திருப்பதியிலேயே இருந்தார். சர்க்கரை வியாதி வந்து மெலிந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேடம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். எல்லாவற்றுக்கும் சரி என்றவர், ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அந்தப் பெண்ணின் அப்பா வந்தே ஆக வேண்டுமா, அவர் இல்லாமல் செய்யக் கூடாதா என்று. வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்றார் மேடம். படட்டும் என்றேன்.

நைனாவை ஆயத்தப்படுத்த வேண்டிய பொறுப்பும் மேடத்துக்கு இருந்தது. போன் செய்து தெலுங்கில் நீளமாக விளக்கினார். மரியாதைக்குரியவர்கள் போனில் என்ன சொன்னாலும் நைனா "சரே மேடம், சரே மேடம்" என்பார். பேங்கிலிருந்து பேசினாலும் அப்படித்தான், ஏமாற்றுக்காரன் பேசினாலும் அப்படித்தான். பிறகு நான் பேசினேன்.

"திருப்பதில ஒரு மீட்டிங். சாரு வர்றாரு. நீயும் வரணும் நைனா."

"எதுக்கு?"

"பழைய விஷயம் பேசறதுக்கு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "சரி, நல்ல சட்டையாப் போட்டுக்கினு வர்றேன்," என்றார்.

அந்தச் சட்டை விஷயத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு ஹால், நாற்காலிகள், பழைய மாணவர்கள், ஒரு வாத்தியார் என்று இருந்துவிட்டால் அது சன்மானம்தான். வேறு எதற்காகவும் அந்த நான்கும் ஒன்றுசேர்வதில்லை. டெப்போவில் கண்டக்டர் ரிட்டயர் ஆனால் சன்மானம், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாற்றலானால் சன்மானம். சால்வை போர்த்துவார்கள், பழத்தட்டு கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா புத்தூர் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. என்ன என்று கேட்டேன். சும்மா என்றார். மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறினார். மேலே அறையில் மேடமும் குடுபல்லிக்காரியும் சாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் துணையாக ஒருவர் இருக்கலாம் என்பதால் அவளை அழைத்திருந்தேன். சாரை நான் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். சட்டைக் காலருக்குள் கழுத்து தொளதொளவென்று இருந்தது. பயம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. எங்கோ பார்த்த ஆள் மாதிரி இருந்தார்.

நான் உட்காரும் முன்பே நைனா பைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். ஆப்பிளும் சாத்துக்குடியும் அடுக்கினார். வெற்றிலை பாக்கு வைத்தார். பிறகு ஜரிகை போட்ட ஒரு சிவப்புச் சால்வையைப் பிரித்து, "நமஸ்காரம் சார்," என்று போய் சாரின் தோளில் போர்த்திவிட்டார். சார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். சால்வை போர்த்தினால் எழுந்து நிற்பது அவருக்கும் ஊறிப்போன பழக்கம். குடுபல்லிக்காரி பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டு, என்னைப் பார்த்ததும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் காத்திருந்து நான் வரவழைத்த ஆளுக்கு என் வீட்டிலிருந்தே சால்வை.

மேடம் பொறுமையாக நைனாவை உட்காரவைத்து, இது சன்மானம் இல்லை, உங்கள் மகளுக்கு நடந்ததைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம் என்று மறுபடி சொன்னார். "சரே மேடம்," என்றார் நைனா. சார் சால்வையைக் கழற்றவில்லை. கழற்றினால் கொடுத்தவரை அவமதித்த மாதிரி ஆகிவிடும், கழற்றாவிட்டால் என்னை அவமதித்த மாதிரி. அவர் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது. வெயில் காலம் முடிந்தும் திருப்பதியில் புழுக்கம் போகவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது.

கட்டை முதலில் என் கைக்கு வந்தது. நடந்ததைச் சொன்னேன். தெலுங்கில்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லை. வலித்தது, சொன்னேன், ஐஸ் வைக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றுமில்லை என்றார், ஊசி போட்டார்கள், உடைந்தது, நான் மறைத்தேன் என்றார். அவ்வளவுதான். முடித்துவிட்டுக் கட்டையை சாரிடம் கொடுத்தேன்.

அவர் அதைப் பழகிய கையோடு வாங்கினார். தரையைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்துப் பேசினார். "இந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மை. வலிக்கிறது என்று என்னிடம் பல தடவை சொன்னாள். எக்ஸ்ரேயில் விரிசல் இருந்தது. நான் பார்த்தேன். ஓட வேண்டாம் என்று நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கால் உடைந்த பிறகு, அவள் மறைத்துவிட்டாள் என்று சொன்னேன். அது பொய். அவள் அப்பாவுக்கும் எதுவும் தெரியாது. அவரிடமும் மறைத்துவிட்டேன். தப்பு என் ஒருவனுடையது." கடைசி மூன்று வாக்கியங்களை மேடத்தின் பக்கம் திரும்பி, மனப்பாடம் செய்தவர் போல வேகமாகச் சொன்னார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சொல்லுக்குச் சொல் கிடைத்துவிட்டது. ஆனால் நான் சாரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நைனாவின் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். அதில் கோபமோ அதிர்ச்சியோ அழுகையோ ஏதோ ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் பழத்தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுச் செய்தி கேட்டவர் முகமாக அது இல்லை.

மேடம் கட்டையை வாங்கி நைனாவிடம் நீட்டினார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். "சார் பெத்தவாரு," என்று தெலுங்கில் ஆரம்பித்தார். சார் பெரிய மனிதர். அதற்கு மேல் தெலுங்கு ஓடவில்லை. சந்தையிலும் மண்டல் ஆபீசிலும் வாய் ஓயாமல் தெலுங்கு பேசுகிறவர், அங்கே தமிழுக்கு மாறினார்.

"சாரு எனக்கோசரம் பொய் சொல்றாரு. எனக்கு அன்னிக்கே தெரியும். என்னிய ஹாஸ்டலுக்கு வரவச்சி, ஃபிலிம ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சிக் காட்டினாரு. கோடு மாதிரி இருந்துச்சி. ஓடினா ஒடஞ்சாலும் ஒடையும், ஒடையாமயும் போவும், நீ இன்னா சொல்றன்னு கேட்டாரு. நான்தான் ஓடட்டும் சார்ன்னேன். இந்த ஒரு போட்டி தானே, அப்பறம் வேல வந்துரும், குந்திக்கினு துன்னலாம்னு. ஊசிக்கும் நான்தான் சரின்னேன்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எங்கள் தமிழ் புரியும். மேடத்துக்குப் புரியாது. அவர் என்னைப் பார்த்து, "ஏமன்டுன்னாரம்மா?" என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். குடுபல்லிக்காரி என் கையைப் பிடித்து, "நீ இரு, நான் சொல்றேன்," என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியவில்லை. ஃபேக்டரி வாசலில் தமிழ்நாட்டு லாரி டிரைவர் சொல்வதை எங்கள் மேனேஜருக்குச் சொல்வேனே, அந்தக் குரலில் ஒவ்வொரு வாக்கியமாகத் தெலுங்கில் சொன்னேன். ஃபிலிமைக் காட்டினார்கள். கோடு இருந்தது. கேட்டார்கள். ஓடட்டும் என்று என் அப்பா சொன்னார். ஊசி வாக்கியத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன்.

"அப்பறம் இன்னாத்துக்கு ஊரெல்லாம் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். கட்டை என் கையில் இல்லை. மேடம் தடுக்கவில்லை.

"நான் சொல்லாம இருந்தா, நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்தன்னு என்னக் கேப்பாங்களே," என்றார் நைனா. "சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசம்னு ஆயிப்போச்சி."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சாரை அல்ல, நைனாவை. அப்படி ஓர் ஆசை எனக்கு முன்பு எப்போதும் வந்ததில்லை. இருபது வருஷமாக சாரைத் திட்டிக்கொண்டே தூங்கப் போயிருக்கிறேன். அந்தத் திட்டையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று புரியவில்லை.

மேடம் சாரைப் பார்த்து, "கோச் நீங்கள். ஃபிலிமைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதே தப்பு. அவளிடம் மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு," என்று கறாராகச் சொன்னார். சார் தலையாட்டினார். இவள் அப்பாவை இன்று காப்பாற்றலாம் என்றுதான் பார்த்தேன் என்றார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு, இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய். இப்போது ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பதிலும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் காலோடு நடந்தது மட்டும் நான் தனியாக.

மேடம் கட்டையை வாங்கி என்னிடம் கொடுத்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கட்டையைக் குடுபல்லிக்காரியிடம் தள்ளிவிட்டேன். அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூலையில் மூடிவைத்திருந்த டிபன் பாத்திரத்தைக் காட்டினாள். "உப்புமா ஆறிக்கினு இருக்குது. யாராருக்கு வேணும்?" என்றாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சார் எழுந்து, சால்வையை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். நைனா அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சன்மானம் என்று நிஜமாகவே நினைத்துத்தான் அதைக் கொண்டுவந்தாரா, இல்லை, வாயைத் திறந்துவிடாதீர்கள் சார் என்று கேட்கக் கொண்டுவந்தாரா என்பதை நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குடும்பங்கள் பைகளோடு அங்கங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நைனாவுக்கு நகரி பஸ், எனக்குச் சித்தூர் பஸ். வேறு வேறு பிளாட்பாரம். சாதாரணமாக நான் என் பஸ்ஸைப் பார்த்துப் போய்விடுவேன். அன்றைக்கு ஏனோ அவரோடு அவர் பிளாட்பாரம்வரை போனேன். வழியில் அவர் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து எனக்குக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். தப்பாகிவிட்டது என்று சொல்வார் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். சொன்னால் கேட்காமல் போய்விடுவது என்று இன்னொரு பக்கம் முடிவு செய்திருந்தேன். அவரிடமிருந்து கற்றதுதான்.

நகரி பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். நைனா படிக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஊசி போட்டாங்களேம்மா," என்றார். "ஓடும்போது வலி தெரிஞ்சிருக்காது, இல்ல?"

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். மரத்துப்போச்சி நைனா, ஒன்னும் தெரியல என்று சொன்னால் அவர் நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவார். இத்தனை வருஷமும் அவர் அந்த ஊசியைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வயதான மனுஷர். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"தெரிஞ்சுது நைனா," என்றேன். "மொத ரவுண்டுலேர்ந்தே வலிச்சுது."

கண்டக்டர், ஏறுவதென்றால் ஏறுங்கள் பெரியவரே என்று தெலுங்கில் அதட்டினார். நைனா கம்பியை விட்டார். பஸ் போயிற்று. அவர் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

"சொல்லு," என்றார்.